தப்பிச்ச பக்கத்துப் பட்டை

வாங்க தம்பி, வாங்க. இங்கிட்டு நிழல்ல உக்காருங்க. ஒச்சு, தம்பிக்கு ஒரு டீ போடுப்பா, நல்லா ஆத்திக் குடு. நம்ம வண்டிக்குப் புது டிரைவரு. பேரு என்ன சொன்னீங்க, நாச்சியப்பனா? புதுக்கோட்டைப் பக்கமா? நல்லதாப் போச்சு. அந்தப் பக்கத்து ஆளுக வாக்கு மாற மாட்டாக.

அந்தா, எதுத்தாப்புல நிக்குது பாருங்க, அதுதான் நம்ம பஸ்ஸு. நெத்தியில 'வளைவுக் கருப்பு துணை'ன்னு எழுதியிருக்குல்ல. இந்தக் கொழிஞ்சிமலைக்கு ஏறுற ஒரே பஸ்ஸு. சாவி என் மடியிலதான் இருக்கு, தர்றேன். அதுக்கென்ன அவசரம். ஏழரைக்கு ராகு காலம் பொறக்குது, அதுக்கு முன்னால நீங்க எடுத்துட்டீங்கன்னாப் போதும். டீயைக் குடிங்க.

இன்னிக்கு எப்பிடிப்பட்ட நாளு தெரியுமா? ஆவணி பொறந்து மொத நல்ல நாளு. என் மக இளமதி, தலைப்பிள்ளை பெத்து அஞ்சு மாசமா எங்க வீட்டுல இருந்தவ, இன்னிக்குத்தான் புகுந்த வீட்டுக்குப் போறா. புகுந்த வீடு மலை மேல. அந்தா முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டா பாருங்க, பச்சைச் சேலை. கையில இருக்கிறது என் பேத்தி. கூடையைத் தூக்கி மேல போடுறவரு மாப்பிள்ளை கார்மேகம். அவரு ஜீப்புலதான் கூட்டிட்டுப் போறேன்னாரு. மலையில ஜீப்பு ஓட்டுறதுதான் அவரு தொழிலே. நான் விடல. அப்பன் பஸ்ஸு வச்சிருக்கையில மக ஜீப்புல போனா ஊரு என்ன பேசும்? தொட்டிலு, சீரு, தட்டு, எல்லாம் நம்ம வண்டியில போயி எறங்குனாத்தானே பாக்க நல்லாருக்கும்?

அதனால இன்னிக்கு வண்டி எடுக்காம இருக்க முடியாது தம்பி. விடிஞ்சு பாக்கிறேன், டிரைவரைக் காணோம். கம்பத்துக்காரன் ஒருத்தன் இருந்தான், சாவியை சீட்டு மேல வச்சுட்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்து போயிட்டானாம். என்னடா கருப்பு இப்பிடிச் சோதிக்கிறியேன்னு நின்னா, நீங்க வேலை கேட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறீங்க. அனுப்பி வச்சது யாருங்கிறீங்க?

அவன் ஏன் போனான்னு கேக்கிறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. வெளியில நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவான். அதுக்கு முன்னால நானே சொல்லிடுறேன், எனக்கு ஒளிவு மறைவெல்லாம் கிடையாது.

மொதல்ல இன்ஜினைச் சொல்லிடுறேன். அதுல ஒரு நொட்டை சொல்ல முடியாது. போன வருசந்தான் மொத்தமாப் பிரிச்சுப் போட்டு பிஸ்டன், ரிங்கு, லைனரு எல்லாம் புதுசு போட்டேன். ரேடியேட்டரு அடைப்பு எடுத்தாச்சு. ரெண்டாவது கியர்ல போட்டுட்டு நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கலாம், அம்புட்டு ஏத்தத்தையும் முனகாம ஏறும். பிரேக்கு லைனிங் புதுசு. பாட்டுப்பெட்டி புதுசு. பெயிண்டைப் பாத்தீங்கள்ல? வண்டிக்குச் செய்யாதவன்னு என்னைய ஒருத்தன் சொல்லிற முடியாது. நான் எப்பவும் சொல்றது இதுதான்: ஏத்திக் கொண்டு போறது இன்ஜினு, எறக்கிக் கூட்டிட்டு வர்றது கருப்பு.

கருப்புன்னா நம்ம வளைவுக் கருப்பு. மொத வளைவுல நிக்கிறாரு. கூரை கிடையாது, செவுரு கிடையாது, ஒரு வேப்பமரம், சுத்தி ஊண்டி வச்ச அருவா. அம்புட்டுதான் கோயிலு. பூசாரி காசிமாயன் இந்த ஊரு ஆளுதான், பட்டறையும் வச்சிருக்கான். அருவா அடிக்கிறதும் அவன்தான், சாமி வந்து ஆடுறதும் அவன்தான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஐப்பசி மழை. அழகுமலைன்னு டிரைவரு, பத்து வருசமா நம்மகிட்ட இருந்தவன், வண்டியை எறக்கிட்டு வர்றான். நானும் வண்டியில இருக்கேன், அவனுக்குப் பின்னாடி சீட்டு. நாலாவது வளைவு திரும்பையில இடது பக்கத்துச் சரிவுல இருந்து ஒரு பாறை உருண்டு வந்துச்சு பாருங்க, ஒரு ஆட்டோ தண்டி. வந்த வேகத்துக்கு வண்டிய அப்பிடியே பள்ளத்துக்குள்ள தள்ளியிருக்கணும். தள்ளல. பின் டயருக்கு மேல தகரத்தை மட்டும் கிழிச்சுட்டு, வண்டிக்குப் பின்னாடி ரோட்டைத் தாண்டிப் போயிருச்சு. உள்ள ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. நீங்களே சொல்லுங்க, இது யாரு செஞ்ச வேலை?

அன்னிக்கே கோயில்ல விழுந்து, உனக்கு அருவா எடுத்து வைக்கிறேன் சாமின்னு நேந்துக்கிட்டேன். இந்தப் பக்கம் அருவான்னா அது கமான் பட்டையில அடிச்சாத்தான் அருவா. உங்களுக்குத் தெரியாததா? வண்டிக்கு அடியில வில்லு மாதிரி வளைச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கிற எஃகுப் பட்டை, அதைவிட நல்ல இரும்பு ஏது? எல்லாரும் பழைய இரும்புக் கடையில லாரிப் பட்டை வாங்கித்தான் அடிச்சு வைப்பாக. நானும் அப்பிடித்தான் நெனைச்சேன். ஆனா காசிமாயன் மேல சாமி வந்து கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி. "கண்டவன் வண்டிப் பட்டை எனக்கெதுக்குடா? உன்னையச் சுமந்த பட்டையக் கொண்டா. தப்பிச்ச பக்கத்துப் பட்டையக் கொண்டா"ன்னுச்சு.

நியாயமாத்தானே இருக்கு? எந்தப் பக்கத்தை சாமி காப்பாத்துச்சோ அந்தப் பக்கத்துல இருந்துதானே காணிக்கை குடுக்கணும்?

சலேத்துன்னு ஒரு மெக்கானிக்கு இருக்கான், பேரைக் கேட்டாலே தெரியும், வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். அவனைக் கூப்பிட்டு பின்னாடி இடது பக்கம் கமான்ல அடிப்பட்டை ஒண்ணைக் கழட்டச் சொன்னேன். மொணமொணன்னுக்கிட்டேதான் கழட்டுனான். பத்துல ஒண்ணு எடுத்தா, பட்டையெல்லாம் சேத்துக் கட்டியிருக்கிற யூ போல்ட்டு இறுக்கம் நிக்காது, இரும்புல ஒரு துண்டு வச்சு அடைக்கணும்னான். இரும்பு எதுக்குடா, சாமி மரத்துல ஒரு கட்டை வையின்னு கோயில் வேம்புல இருந்தே வெட்டிக் குடுத்தேன். அதுவும் பாதுகாப்புத்தானே? வண்டி ஓடுச்சு. ஒரு வித்தியாசம் தெரியல. நல்லாத்தான் ஓடுச்சு.

இருங்க, டீ ஆறிப்போச்சு. ஒச்சு, இன்னொண்ணு போடுப்பா.

மறு வருசம் பலாப்பழ சீசன். மலையில இருந்து டாப்பு நெறைய பழம், உள்ள நெறைய ஆளு. ஏழாவது வளைவுல வண்டி இடது பக்கமா ஒரு சாய்வு சாஞ்சுச்சு பாருங்க! ரோட்டோரக் கட்டைச் செவுத்துல போயி உரசி, செவுத்துக் கல்லு எல்லாம் பள்ளத்துக்குள்ள விழுகுது, மேல இருந்து பலாப்பழம் விழுகுது, பொம்பளையாளுக கத்துறாக. கல்லு விழுந்துச்சு, பழம் விழுந்துச்சு, வண்டி விழுகல! அப்பிடியே நிமிந்து வந்துருச்சு. எந்தப் பக்கம்? மறுபடியும் அதே இடது பக்கம். எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு தம்பி. அன்னிக்கும் நான் வண்டியில இருந்தேன். எறங்கி நின்னா கால் ரெண்டும் தரையில பாவல. பயத்துல இல்ல, பக்தியில.

இந்தத் தடவை ரெண்டு பட்டை குடுத்தேன். அதே பக்கம்தான். சலேத்து இந்தக் கடையில நின்னுதான் சொன்னான், இந்த ஒச்சு சாட்சி. "அண்ணே, இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் பத்துன்னா வண்டி நொண்டும்ணே. பட்டையக் குடுக்கிறதுனாலதான் சாயுது, சாயிறதுனாலதான் நீங்க பட்டையக் குடுக்கிறீங்க"ன்னான். எப்பிடிப் பேசுறான் பாருங்க. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறான். நான் சொன்னேன், "சலேத்து, நீ உன் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்து, நான் ஏன் ஏத்துறன்னு கேட்டேனா? எங்க சாமி கணக்கு உனக்குப் புரியாது, விட்டுரு"ன்னேன்.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேட்டீங்கன்னா அசந்துருவீங்க. வண்டிக்குள்ள சுருட்டு வாடை வர ஆரம்பிச்சுச்சு. கருப்புக்குச் சுருட்டுப் படையல் உண்டுன்னு தெரியும்ல? வளைவு திரும்புறப்பல்லாம் இடது பக்கம் பின்னாடியிருந்து கருகுன வாடை குப்புன்னு வரும். லேசாப் பொகையும் வரும். கருப்பு வண்டியில ஏறிட்டாருன்னு சனம் அப்பிடியே கையெடுத்துக் கும்பிடும். பின்சீட்டுல யாரும் உக்கார மாட்டாக, சாமிக்கு இடம் விட்டுருவாக. டவுன்ல இருந்தெல்லாம் ஆளு வந்து ஏறுனாக, அந்த வாடையைப் புடிக்கணும்னே. அழகுமலை மட்டும், "டயரு பாடியில தேயுதுண்ணே, ரப்பரு கருகுதுண்ணே"ன்னு புலம்புவான். டயரு கருகுற வாடைக்கும் சுருட்டு வாடைக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? நான் புடிக்காத சுருட்டா?

அந்தச் சமயத்துலதான் எனக்கு மூட்டு வலி வந்துச்சு. வண்டியில போறதை நிறுத்திட்டேன். இங்க கடையில உக்காந்து அனுப்பி விடுறது, சாயங்காலம் வந்ததும் கணக்கு வாங்குறது, அம்புட்டுதான்.

என்ன தம்பி, டீயைக் கீழ வச்சுட்டீங்க? சக்கரை பத்தலையா?

இந்த வைகாசியில என்ன ஆச்சுன்னா, அதைத்தான் ஊரெல்லாம் பெருசாப் பேசிக்கிட்டுத் திரியிறான். பதினோராவது வளைவுல வண்டி பின்பக்கம் அப்பிடியே ஒதுங்கி ரோட்டுக்குக் குறுக்க நின்னுருச்சு. பின் சக்கரம் ஒண்ணு பள்ளத்துக்கு மேல அந்தரத்துல சுத்துதாம். காப்பிக்கொட்டை மூட்டை ரெண்டு உள்ள போயிருச்சு. ஒரு பொம்பளைக்குக் கை ஒடிஞ்சுச்சு. நான் போகல, அன்னிக்கு எனக்கு விரதம். அம்புட்டுப் பேரும் முன்பக்கக் கதவு வழியா ஒருத்தர் ஒருத்தரா எறங்கி வந்து சேந்தாக. ஒரு உசிரு போகல தம்பி! நாற்பது உசிரு பள்ளத்து மேல நின்னுருக்கு, ஒண்ணு போகல. அதை ஒருத்தனும் பேச மாட்டேங்கிறான். கை ஒடிஞ்சதைத்தான் பேசுறான்.

அழகுமலை மலையில இருந்து நடந்தே வந்தான். இந்தப் பெஞ்சுலதான் உக்காந்தான். ஒச்சுகிட்ட தண்ணி வாங்கி மூஞ்சியைக் கழுவுனான். காக்கிச் சட்டையைக் கழட்டி மடிச்சு இந்தா, இங்க வச்சான். பனியனோட நிக்கிறான். "என்னடா"ன்னேன். "அண்ணே, உங்க சாமியவே ஓட்டச் சொல்லுங்க"ன்னுட்டுப் போயிட்டான். பத்து வருசம் நம்ம வண்டியில சம்பாதிச்சு வீடு கட்டுனவன். இன்னிக்குச் சந்தையில தள்ளுவண்டியில வெங்காயம் விக்கிறான், என்னையக் கண்டா அந்தப் பக்கம் திரும்பிக்கிறான். எனக்கு மனசு விட்டுப் போச்சு தம்பி. நான் என்ன பண்ணேன் அவனுக்கு? அவன் உசிரையும் சேத்துத்தானே காப்பாத்திக் குடுத்திருக்கேன்?

ஆடியில சாமி கேட்டுச்சு. "இதுவரைக்கும் அடியில கெடந்த பட்டையா எடுத்துக் குடுத்து ஏமாத்துற. நாற்பது உசிரைத் தூக்கிப் பிடிச்சவன் நான். எனக்குத் தலைப்பட்டை வேணும்"னுச்சு. உண்மைதானே? வீட்டுக்கு வந்த பெரியவருக்கு அடிச்சட்டிச் சோத்தைப் போடலாமா?

சலேத்து வந்தான். விசயத்தைச் சொன்னதும் ஸ்பேனரைக் கீழ வச்சுட்டான். "அது மெயின் பட்டைண்ணே. ரெண்டு முனையிலயும் வளையம் சுருட்டி, பின்னு போட்டு, பாடியோட மாட்டியிருக்கிறது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அதுக்குக் கீழ நின்னு முட்டுக் குடுக்கிறது. பின் அச்சு எடம் மாறாம நிக்கிறதே அதுனாலதான். அது விட்டுச்சுன்னா சக்கரம் ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். நான் தொட மாட்டேன்"னான். சிலுவையைப் போட்டுக்கிட்டுப் போயே போயிட்டான். போனாப் போறான்.

காசிமாயனே கழட்டுனான். அவன் பட்டறையிலதான். மெயின் பட்டை இல்லாம வண்டி நிக்காதுன்னு எனக்கும் தெரியும், நான் என்ன முட்டாளா? அதுக்குப் பதிலா பழைய லாரிப் பட்டை ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அது கொஞ்சம் நீளம். காசிமாயன் நடுவுல அறுத்து, அளவுக்குச் சேத்து வெல்டிங் வச்சுட்டான். எங்க வீட்டு இரும்புக் கேட்டு அவன் வெல்டிங் வச்சதுதான், இருபது வருசமா அசையல. ஒட்டுன எடத்துல சந்தனம் அப்பி, குங்குமம் வச்சு, பூசை போட்டு மாட்டுனான். ஒட்டுப் போட்டதுன்னு சொன்னாத்தான் தெரியும். பழைய பட்டையில அருவா அடிச்சான் பாருங்க, ஆள் உசரம்! ஆடிக் கடைசி வெள்ளியன்னிக்கு ஊண்டுனோம். இந்தச் சுத்துவட்டாரத்துலயே அப்பிடி ஒரு அருவா கிடையாது. ஏறையில வலது கைப்பக்கம் பாருங்க, பளபளன்னு நிக்கும்.

அதுக்கு மேல வந்த டிரைவருகதான் சரியில்ல. பழனிக்காரன் ஒருத்தன் ஒரே ஒரு நடை போயிட்டு வந்தான். பின்பக்கம் ஒரு மாதிரி நகருது, ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சா வண்டி நேராப் போகலைன்னான். அவன் குடிகாரன். அவன் குடிச்சு நான் பாக்கல, ஆனா கண்ணைப் பாத்தாத் தெரியுது. அடுத்து இந்தக் கம்பத்துக்காரன். அவன் வந்ததுல இருந்தே அடியில டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குதும்பான். மலையில வண்டி ஓடுனா சத்தம் கேக்காம வீணையா வாசிக்கும்? நேத்துச் சாயங்காலம் வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்திருக்கான். சந்தனத்தைச் சுரண்டிப் பாத்தானாம். கை வச்ச எடத்தைப் பாருங்க. சாமிக்குப் பூசுன சந்தனம்! விடிய முன்னாடி போயிட்டான். போகலைன்னா நானே அனுப்பியிருப்பேன்.

இம்புட்டுதான் நடந்தது. ஒண்ணையும் மறைக்கல. இந்தாங்க சாவி.

வாங்குங்க தம்பி. எங்க போறீங்க? அட, வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்காதீங்க, சனம் ஏறி உக்காந்திருக்கு, என்ன நெனைக்கும்? சரி, பாத்துட்டு வாங்க. பாத்தாத்தான் உங்களுக்குத் திருப்தின்னா பாத்துட்டு வாங்க.

ஒச்சு, மணி என்னப்பா ஆகுது? ஏழேகாலா?

பாத்தீங்களா? என்ன, மூஞ்சி இப்பிடிப் போச்சு? கையெல்லாம் சந்தனமா? நீங்களும் சுரண்டுனீங்களா? என்னது? குறுக்க ஒரு கோடு ஓடியிருக்கா? வெடிப்பா? தம்பி, சந்தனம் காஞ்சா வெடிக்கத்தான் செய்யும். வீட்டுல நிலைப்படியில பூசுறதுகூட ரெண்டு நாள்ல வெடிச்சுப் போகுது. இரும்புலயும் ஓடியிருக்கா? விரல் நகம் உள்ள போகுதா? அது வெல்டிங் வச்ச தழும்பா இருக்கும்.

வண்டியை எடுக்கக் கூடாதுங்கிறீங்க. ஆளுகளை எறக்கச் சொல்றீங்க. மெல்லப் பேசுங்க, மக காதுல விழுந்துறப் போகுது. நல்ல நாளும் அதுவுமா பச்சைப் பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கவகிட்ட எறங்குன்னு சொல்லவா? சகுனம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? ஏறுனவளை எறக்கி மறுபடியும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அவ மாமியா என்ன கேப்பா?

நீங்களும் கூட வாங்களேன்னா? நானா?

நான் எதுக்கு தம்பி? வீட்டைப் பாத்துக்க ஆளு வேணும்ல. ஆமா, மொதல்ல மூட்டு வலின்னு சொன்னேன், மூட்டு வலியும்தான் இருக்கு. விரதமும்தான் இருந்தேன். ஒரு மனுசனுக்கு ஒரு காரணந்தான் இருக்கணுமா? பஸ்ஸுல உக்காந்து போறதுக்கு மூட்டு எதுக்குன்னு கேக்கிறீங்க. நல்லாக் கேக்கிறீங்க, வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம். எனக்கு அந்தப் படியில கால் வச்சாலே வயித்தைப் பெரட்டுது, போதுமா? அது பித்தம். டாக்டரே பித்தம்னுதான் சொன்னாரு. பக்தி உள்ளவன் சாமியச் சோதிக்கக் கூடாதுன்னும் ஒண்ணு இருக்கு.

அவ என் மக தம்பி. பத்து வருசம் கோயில் கோயிலா ஏறி எறங்கிப் பெத்த ஒத்தை மக. அந்தப் பேத்தி என் மாருமேல படுத்தாத்தான் தூங்கும். அவுகளுக்கு ஒண்ணு ஆக நான் விடுவேனா? நேத்தெல்லாம் ஒரு வாய்ச் சோறு எறங்கல எனக்கு, உண்மைதான். மக போறாளேங்கிற வருத்தம் இருக்காதா? வேற எதுக்கு எறங்காமப் போகும்? அவுகளுக்காகத்தான் தலைப்பட்டையவே குடுத்தேன். அதைவிடப் பெருசா என்கிட்ட என்ன இருக்கு குடுக்க?

சரி. நீங்க எடுக்க வேணாம். யாருக்கும் யாரும் கட்டாயம் இல்ல. மாப்பிள்ளை! இங்கிட்டு வாங்க மாப்பிள்ளை. இவரு எடுக்க மாட்டேங்கிறாரு, நீங்களே எடுத்துருங்க. ஜீப்பு ஓட்டுற கைதானே, நாலு சக்கரம் ஆறு சக்கரமாச்சு, அம்புட்டுதான் வித்தியாசம். இந்தாங்க சாவி. கருப்பைக் கும்பிட்டுட்டு எடுங்க.

என்ன தம்பி, அவருகிட்டச் சொல்லணுமா? சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க. சிரிக்கிறாரு பாத்தீங்களா? மலைக்காரரு அவரு. அந்த வளைவுல பொறந்து வளந்தவரு, என்னையவிட பக்தி. "மாமா செஞ்சா சரியாத்தான் இருக்கும்"னுட்டுப் போறாரு பாருங்க. அப்பிடி ஒரு மாப்பிள்ளை எனக்கு. சொன்ன சொல்லைத் தட்டமாட்டாரு.

நீங்க உக்காருங்க. உக்காருங்கங்கிறேன்ல. வண்டிக்குக் குறுக்கப் போயி நிக்கப் போறீங்களா? சனம் பாக்குது. இந்தா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிசம் உக்காருங்க. ஸ்டார்ட்டாயிருச்சு. சத்தத்தைக் கேளுங்க, எப்பிடி இருக்கு இன்ஜினு? ஒரு நடுக்கம் இருக்கா? மல்லிகைப்பூ மாதிரி ஓடுது. கியரை எவ்வளவு பதமாப் போடுறாரு பாத்தீங்களா? போயிட்டு வாம்மா! போய்ச் சேந்ததும் ஒரு போனு பண்ணு! பிள்ளைக்குக் காத்து அடிக்கப் போகுது, காதை மூடு!

எதுக்குக் கையைப் பிடுங்குறீங்க? விடுங்கங்கிறீங்க, சரி, விட்டுட்டேன். தம்பி! எங்க ஓடுறீங்க? செருப்பை விட்டுட்டு ஓடுறீங்களே! அது நிக்காது தம்பி, மலைக்குன்னு கிளம்புன வண்டியை நடுவுல நிறுத்துற பழக்கம் இங்க கிடையாது! கத்தாதீங்க! நல்ல நாளும் அதுவுமா!

ஒச்சு, இங்க வாப்பா. வந்து பாரு இந்தக் கூத்தை. நீ ஏன்பா அழுகுற? வண்டி பின்னாடி எப்பிடி ஓடுறான் பாரு அந்தாளு. கண்டக்டரு என்னமோ ஏற வர்ற ஆளுன்னு நெனைச்சுக்கிட்டு, சாயங்காலம் வா, சாயங்காலம் வான்னு கையைக் காட்டுறான். என் மகளும் எட்டிப் பாக்குறா. சிரிக்கிறா. யாருன்னு நெனைச்சாளோ தெரியல, பேத்தியை சன்னலுக்கு மேல தூக்கி, அதோட கையைப் பிடிச்சு அந்தாளுக்கு டாட்டா காட்டுறா பாரு.